கேள்வி–பதில்: வெள்ளி உப்பும் வெயிலும்

புகைப்படக் கலையின் தொடக்க காலம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டுமே இந்த இதழின் பகுதி ஒதுக்கப்படுகிறது. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: புகைப்படத்தைக் கண்டுபிடித்தவர் லூயி டாகேர், ஆண்டு 1839 என்று நான் பள்ளியில் படித்தேன். என் மகளோ நியெப்ஸ், 1826 என்கிறாள். எது சரி? (வாசகர், திண்டுக்கல்)

நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறீர்கள். கேமராவுக்குள் விழுந்த காட்சியை அழியாமல் நிற்கச் செய்த முதல் மனிதர் யார் என்பது கேள்வியானால், இன்று எஞ்சியிருக்கும் சான்றுகளின்படி அவர் நீசெஃபோர் நியெப்ஸ்தான். யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு முறையாக அதை உலகத்தின் முன் வைத்தவர் யார் என்பது கேள்வியானால், டாகேர்.

நியெப்ஸ் 1765-இல் பிரான்ஸின் ஷலோன்-சூர்-சோன் நகரில் பிறந்தவர். புதியது காணும் ஆர்வம் அவருக்கும் அவருடைய அண்ணன் கிளாடுக்கும் பொதுவானது. படகை ஓட்டுவதற்காக இருவரும் சேர்ந்து உருவாக்கிய உள்ளெரி இயந்திரம் ஒன்றுக்கு 1807-இல் காப்புரிமை பெற்றிருந்தார்கள். 1816-இல் நியெப்ஸ் வெள்ளி குளோரைடு பூசிய தாளைக் கேமராவுக்குள் வைத்துப் படம் எடுத்தார். படம் விழுந்தது. ஆனால் வெளிச்சம் பட்ட இடம் கறுத்து, நிழல் வெளுப்பாக நின்றது. வெளியே எடுத்தபோது வெளுப்பாக இருந்த இடமும் கறுக்கத் தொடங்கியது. இதை நிறுத்தும் வழி தெரியாததால் அவர் வெள்ளியையே கைவிட்டு, ஒரு வகைத் தாரின் பக்கம் திரும்பினார். யூதேயா நிலக்கீல் எனப்படும் அந்தப் பொருளைச் செதுக்கு ஓவியர்கள் ஏற்கெனவே தங்கள் தகடுகளில் பூசி வந்தார்கள். வெளிச்சம் பட்டால் அது இறுகிவிடும். படாத பகுதி லாவெண்டர் எண்ணெயில் கரைந்துவிடும். கறுப்பதைத் தடுப்பது எப்படி என்ற சிக்கலே இதில் எழவில்லை என்பதுதான் நியெப்ஸின் கூர்மை.

1826 அல்லது 1827-இல், சான்-லூ-தெ-வரேன் கிராமத்தில் இருந்த தம் வீட்டின் மேல்மாடிச் சன்னல் வழியே தெரிந்த காட்சியை, நிலக்கீல் பூசிய ஒரு பியூட்டர் தகட்டில் அவர் பதித்தார். பியூட்டர் என்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம். தகட்டின் அளவு 16.2 செ.மீ.க்கு 20.2 செ.மீ. நேரே பார்த்தால் அது மங்கிய உலோகத் துண்டாகத்தான் தோன்றும். சற்றுச் சாய்த்து ஒளியை வாங்கும்போது இடப்புறம் ஒரு மாடக் கட்டடமும், நடுவே சாய்ந்த கூரையும், வலப்புறம் வீட்டின் மற்றொரு பகுதியும் எழுந்து வருகின்றன. கட்டடங்களின் இருபுறச் சுவர்களிலும் வெயில் அடிப்பதுபோல் தெரியும். சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகரும் வரை தகடு கேமராவுக்குள்ளேயே இருந்ததே அதற்குக் காரணம். எட்டு மணி நேரம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பல நாட்கள் ஆகியிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணிப்பு.

1827-இல் இங்கிலாந்துக்குச் சென்ற நியெப்ஸ் தம் முறையை அங்குள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குத் தெரிவிக்க முயன்றார். செய்முறையை முழுமையாக வெளிப்படுத்த அவர் விரும்பாததால் சொசைட்டி அதை ஏற்கவில்லை. தகட்டை அவர் லண்டனை அடுத்த கியூ என்ற ஊரில் இருந்த தாவர ஓவியர் ஃபிரான்சிஸ் பாவரிடம் விட்டுவந்தார். பிறகு அது கைமாறிக் கைமாறி மறக்கப்பட்டு, 1952-இல் வரலாற்றாசிரியர் ஹெல்முட் கெர்ன்ஷைம் தேடிக் கண்டெடுக்கும் வரை யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அது அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பாடத்துக்கும் மகளின் விடைக்கும் இடையிலான வேறுபாட்டில் இந்தக் கண்டெடுப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த இருவரை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமாகாது. பிரேசிலின் கம்பினாஸ் நகரில் குடியேறியிருந்த எர்க்யூல் ஃபுளோரன்ஸ் என்பவரும் ஐரோப்பாவில் நடப்பது எதுவும் தெரியாமலே 1833-இல் வெள்ளி உப்புகளைக் கொண்டு படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: துளை வழியே இருட்டறைக்குள் காட்சி தலைகீழாக விழும் என்பது ஆயிரம் ஆண்டுகளாகத் தெரியும். வெள்ளி உப்பு வெயிலில் கறுக்கும் என்பதும் தெரியும். அப்படியிருக்க, இரண்டையும் சேர்க்க 19-ஆம் நூற்றாண்டு வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? (வாசகி, சேலம்)

இந்த வரலாற்றின் நடுநாடியை உங்கள் கேள்வி தொட்டுவிட்டது. இருட்டறைக்குள் காட்சி விழும் விதத்தை அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் 11-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். 16-ஆம் நூற்றாண்டில் துளைக்குப் பதிலாக லென்ஸ் வந்தது; அதன்பின் அறை சுருங்கிப் பெட்டியாகி, ஓவியர்கள் தூக்கிச் செல்லும் கருவியானது. வெள்ளி உப்பின் கதையும் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான யோகான் ஹைன்ரிச் ஷுல்ட்சே, சுண்ணப்பொடியும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த குடுவையின் மேல் எழுத்து வடிவில் வெட்டிய தாளை ஒட்டி வெயிலில் வைத்தார். எழுத்துகள் கலவையில் கறுப்பாகப் பதிந்தன. அதே கலவையை அடுப்பில் சூடாக்கிப் பார்த்தபோது கறுக்காததால், காரணம் வெப்பம் அன்று, ஒளிதான் என்று அவர் நிறுவினார்.

இரண்டையும் சேர்க்கும் எண்ணமும் 1802-க்கு முன்பே வந்துவிட்டது. புகழ்பெற்ற பீங்கான் உற்பத்தியாளரின் மகனான தாமஸ் வெட்ஜ்வுட், வெள்ளி நைட்ரேட் தடவிய தாளிலும் வெள்ளைத் தோலிலும் இலைகளின் உருவத்தையும் கண்ணாடி ஓவியங்களின் நகலையும் பதித்தார். அவருடைய நண்பரான வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1802-இல் இதை எழுதி வெளியிட்டார். கேமராவுக்குள் விழும் காட்சி மிகவும் மங்கலாக இருந்ததால் அதில் எதுவும் பதியவில்லை. பதிந்த இலைப் படங்களையோ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் எடுத்துப் பார்க்க முடிந்தது. பகல் வெளிச்சம் பட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும்.

ஆகவே குறை கேமராவிலும் இல்லை, ஒளி உணரும் பொருளிலும் இல்லை. ஒளி படாத இடத்தில் மிஞ்சியிருக்கும் வெள்ளி உப்பை எப்படி நீக்குவது என்பதே தடையாக நின்றது. புகைப்படத்தின் கண்டுபிடிப்பு என்பது படத்தை வரவழைத்ததில் இல்லை, வந்த படத்தை நிறுத்தியதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இதில் வருத்தத்துக்குரிய ஒரு செய்தி உண்டு. வெளிச்சத்தில் கறுத்த வெள்ளி குளோரைடின் மேல் அம்மோனியாவை ஊற்றினால் கறுக்காத உப்பு மட்டும் கரைந்துபோகும், கறுத்தது உலோக வெள்ளியாக அப்படியே நிற்கும் என்று சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1777-லேயே எழுதியிருந்தார். வெட்ஜ்வுட்டுக்கும் டேவிக்கும் தேவைப்பட்ட விடை 25 ஆண்டுகளாக அச்சில் இருந்தது. நோய்வாய்ப்பட்டிருந்த வெட்ஜ்வுட் 1805-இல் இறந்தார். டேவி வேறு துறைகளுக்குச் சென்றுவிட்டார்.

அந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். சோடியம் தையோசல்ஃபேட் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை அவர் 1819-இல் கண்டறிந்திருந்தார். அப்போது அது ஒரு வேதியியல் குறிப்பு மட்டுமே. 1839 ஜனவரியில் பாரிஸிலிருந்து புகைப்படச் செய்தி வந்ததும், தம் பழைய குறிப்பை நினைவுகூர்ந்து சில நாட்களுக்குள் அதைச் சோதித்து வெற்றி கண்டார். நம்மூர் ஸ்டூடியோக்களின் இருட்டறையில் பல தலைமுறைகளாக ‘ஹைப்போ’ என்று வழங்கிய கரைசல் இதுதான். இதற்காக ஹெர்ஷல் காப்புரிமை எதுவும் பெறவில்லை, கேட்டவருக்கெல்லாம் சொன்னார். கண்டுபிடித்தவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் பெரும்பாலும் விடுபட்டுப்போவது எனக்கு ஒப்புதலாக இல்லை.

கேள்வி: டாகேர் ஒரு தகட்டை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தார், உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசத்தால் அதில் படம் தானே தோன்றியது என்று படித்தேன். உண்மையா? (வாசகர், தென்காசி)

அழகான கதை, ஆனால் நம்பத்தக்க சான்று இல்லை. 1839-இல் தாம் வெளியிட்ட கையேட்டில் டாகேர் இப்படி எதையும் சொல்லவில்லை. 1829 டிசம்பரில் நியெப்ஸுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டதிலிருந்து பத்தாண்டுகள் அவர் இதே வேலையாக இருந்தார் என்பதை இந்தக் கதை மறைத்துவிடுகிறது. நியெப்ஸ் 1833-இல் இறந்தார். அவர் கைவிட்ட வெள்ளிக்கே டாகேர் திரும்பினார் என்பதும் கவனிக்க வேண்டியது.

டாகேரின் முறை இவ்வாறு நடக்கும். வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டை நுண்ணிய நுரைக்கல் பொடியாலும் எண்ணெயாலும் முகம் தெரியும் வரை தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் அது படத்தில் தெரியும். பிறகு இருட்டில், அயோடின் வைத்த பெட்டியின் மேல் தகட்டைக் கவிழ்த்து வைத்தால், ஆவி ஏறி வெள்ளிப் பரப்பு பொன்மஞ்சள் நிறமாகும். அது வெள்ளி அயோடைடு. அந்த நிறத்தைத் தாண்டி ஊதாவாக விட்டுவிட்டால் தகடு மந்தமாகிவிடும் என்பதால், மெழுகுவர்த்தியின் மங்கலான ஒளியில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். கேமராவில் வைத்து எடுத்த பின்னும் தகட்டில் எதுவும் தெரியாது. அதைப் பாதரசம் உள்ள பெட்டிக்குள் சாய்வாக நிறுத்தி, அடியில் விளக்கேற்றிப் பாதரசத்தை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், ஒளி பட்ட இடங்களில் மட்டும் பாதரச ஆவி படிந்து வெண்மையாகும். பெட்டியின் பக்கத்தில் இருந்த சிறு கண்ணாடி வழியே படம் மெல்ல மெல்லத் தோன்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைசியில் உப்புநீரிலோ ஹைப்போவிலோ கழுவி மிஞ்சிய அயோடைடை நீக்குவார்கள். பாதரச ஆவி நஞ்சு; இந்தத் தொழிலைச் செய்தவர்கள் அதை நாள்தோறும் சுவாசித்தார்கள்.

இந்த முறையின் உயிர் அந்தக் கண்ணுக்குத் தெரியாத படத்தில் இருக்கிறது. அதுவரை எல்லோரும், படம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளியே முழு வேலையையும் செய்ய வேண்டும் என்று எண்ணி மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போல, ஒளி சிறிதளவு தொட்டுவிட்டால் போதும், மீதியை வேதிப்பொருள் செய்து முடிக்கும் என்பது 1835 அளவில் டாகேருக்குப் புலப்பட்டது. நாள் முழுவதும் எடுத்த வேலை, வெயிலைப் பொறுத்துச் சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் அடங்கியது. பிற்காலத்தில் ‘டெவலப்’ செய்வது என்று வழங்கிய வேலை இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: பாரிஸ் தெரு ஒன்றை டாகேர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நிற்கிறார். அதிகாலையில் எடுத்ததா? (வாசகி, நாகர்கோவில்)

இல்லை. 1838-ஐ ஒட்டி எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் இருப்பது புல்வார் து தாம்ப்ள் என்னும் நெரிசல் மிகுந்த வீதி. வண்டிகளும் மக்களும் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். சில நிமிடங்கள் திறந்திருந்த கேமராவில் நகர்ந்தவர் எவரும் பதியவில்லை. இடப்புற மூலையில் ஒருவர் தம் பூட்சுக்கு மெருகு போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றதால் அவருடைய உருவம் மட்டும் நின்றது. மெருகு போட்டவரும் நிழலாகத் தெரிகிறார். தந்தியை உருவாக்கிய அமெரிக்கரான சாமுவேல் மோர்ஸ் 1839 மார்ச்சில் டாகேரின் இடத்துக்குச் சென்று இந்தப் படத்தைப் பார்த்து, இதே விளக்கத்தைத் தம் கடிதத்தில் எழுதினார். மறுநாள் டாகேர் பதில் மரியாதையாக மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்கச் சென்றிருந்த நேரத்தில், டாகேரின் டயோராமா என்னும், பெரிய ஓவியங்களை ஒளி மாற்றிக் காட்டும் காட்சிக் கூடம் தீப்பிடித்து எரிந்துபோனது. அவருடைய வருமானமே அந்தக் கூடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கேள்வி: பிரெஞ்சு அரசு இந்தக் கண்டுபிடிப்பை வாங்கி உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது என்பது எவ்வளவு தூரம் உண்மை? (வாசகர், புதுச்சேரி)

பெருமளவு உண்மை, ஒரு நாட்டைத் தவிர. அறிவியலாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான பிரான்சுவா அராகோ 1839 ஜனவரி 7-இல் பாரிஸ் அறிவியல் அகாதமியில் இந்தச் செய்தியை அறிவித்தார். பிறகு டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், நியெப்ஸின் மகன் இசிதோருக்கு 4,000 பிராங்கும் ஆயுட்கால ஓய்வூதியமாக அளிக்கும் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். ஆகஸ்ட் 19-இல் அறிவியல், நுண்கலை அகாதமிகள் இணைந்து நடத்திய கூட்டத்தில் செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது. டாகேர் எழுதிய கையேடு சில மாதங்களுக்குள் பல மொழிகளில் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஐந்து நாட்கள் முன்னதாக, ஆகஸ்ட் 14-ஆம் நாள், டாகேரின் சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. அதனால் அங்கே மட்டும் பணம் கட்டாமல் யாரும் இதைத் தொழிலாக நடத்த முடியவில்லை.

அராகோவின் சுறுசுறுப்பைப் பாராட்டும்போது, அதனால் நசுங்கிய ஒருவரையும் சொல்லியாக வேண்டும். இப்போலித் பயார் என்ற பாரிஸ் அரசு அலுவலர் 1839-இன் முதல் மாதங்களிலேயே தாளில் நேரடியாகப் படம் எடுக்கும் முறையை உருவாக்கி, ஜூன் 24-இல் 30 படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். டாகேரின் முறை வெளிவருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்பு இது நடந்தது. டாகேருக்காகப் பேசிக்கொண்டிருந்த அராகோ, பயாரிடம் பொறுத்திருக்கும்படி சொல்லி, கருவிகள் வாங்கச் சிறு தொகை கிடைக்கச் செய்ததோடு நிறுத்திவிட்டார். 1840 அக்டோபரில் பயார், நீரில் மூழ்கி இறந்தவரைப் போல் மேலாடையின்றிக் கண்மூடிச் சாய்ந்திருக்கும் தம் உருவத்தைத் தாமே படம் எடுத்து, டாகேருக்கு வாரிக் கொடுத்த அரசு தமக்கு எதுவும் செய்யாததால் இந்தப் பாவப்பட்ட மனிதர் தண்ணீரில் விழுந்து உயிர்விட்டார் என்ற பொருளில் அதன் பின்புறம் எழுதினார். பார்ப்பவர் நம்பும்படி அமைத்து எடுக்கப்பட்ட ஒரு காட்சி, புகைப்படக் கலையின் இரண்டாம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பயார் 1887 வரை வாழ்ந்தார், நல்ல படங்கள் பல எடுத்தார்; ஆனாலும் முதல்வர் என்ற இடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

கேள்வி: ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடும் முறை யாருடையது? அதுவும் டாகேருடையதா? (வாசகர், ஈரோடு)

டாகேரின் தகடு ஒற்றைப் படம். அதற்கு நெகட்டிவும் இல்லை, நகலும் இல்லை. இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடியும் உட்கார்ந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் கேட்கும் முறை இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட்டினுடையது. 20-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஸ்டூடியோக்களிலும் திரைப்படங்களிலும் நாம் அறிந்த புகைப்படம் முழுவதும் அவருடைய வழியில் வந்ததே. டாகேரோடைப் எனப்படும் டாகேரின் தகட்டுப் படத்தின் நுட்பத்தையும் பளபளப்பையும் எந்தத் தாளும் எட்டவில்லை என்பதை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அந்த அழகு சுமார் இருபது ஆண்டுகளில் வழக்கொழிந்தது.

கணிதமும் தாவரவியலும் பழைய மொழிகளும் கற்ற டால்பாட், 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தம் மனைவியோடு தங்கியிருந்தபோது, வரைவதற்கு உதவும் ஒரு கண்ணாடிக் கருவியைக் கொண்டு ஏரிக் காட்சியை வரைய முயன்று தோற்றார். காட்சி தானாகவே தாளில் பதிந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அப்போது எழுந்ததாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். லேகாக் அபியில் இருந்த தம் வீட்டுக்குத் திரும்பியதும் நல்ல எழுதுதாளைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி, அதன் மேல் வெள்ளி நைட்ரேட்டைத் தூரிகையால் தடவினார். உப்பின் அளவு குறைந்தால் தாள் ஒளிக்கு விரைந்து கறுக்கும், அளவு மிகுந்தால் கறுப்பது அடங்கிவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். அதனால் படம் பதிந்த தாளைச் செறிவான உப்புநீரில் முக்கியே அதை ஓரளவு நிலைநிறுத்த முடிந்தது. வீட்டைச் சுற்றிலும் அங்கங்கே அவர் வைத்திருந்த சிறு மரக் கேமராக்களை அவருடைய மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறிகள் என்று அழைத்தார்.

அவற்றுள் ஒன்று 1835 ஆகஸ்டில் வீட்டின் தென்புறக் கூடத்துப் பலகணியைப் பதிந்தது. இன்று எஞ்சியிருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுவே. அஞ்சல் தலையைவிடச் சற்றே பெரிய தாள். ஊதா கலந்த பழுப்பு நிறம். அதில் சன்னல் கண்ணாடிகள் கறுப்பாகவும் சட்டங்கள் வெளுப்பாகவும் இருக்கின்றன. எடுத்த புதிதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களையும் உருப்பெருக்கியால் எண்ண முடிந்தது என்று டால்பாட் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்தார். இத்தகைய மாறிய படத்தை இன்னொரு தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் திரும்பி, நேரான படம் கிடைக்கும். 1816-இல் நியெப்ஸுக்குக் குறையாகத் தெரிந்ததே டால்பாட்டின் கையில் படத்தைப் பெருக்கும் வழியானது.

இவ்வளவையும் செய்துவிட்டு அவர் நாலாண்டுகள் வெளியிடாமல் இருந்தார். டாகேரின் செய்தி வந்த பிறகுதான் அவசர அவசரமாக 1839 ஜனவரி 25-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் படங்களைக் காட்டி, 31-ஆம் நாள் ராயல் சொசைட்டியில் கட்டுரை படிக்கச் செய்தார். 1840 செப்டம்பரில், காலிக் அமிலம் கலந்த கரைசலால் தாளிலும் மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொண்டுவர முடியும் என்று கண்டறிந்தார். கேலோடைப் என்ற பெயரில் 1841 பிப்ரவரியில் அதற்குக் காப்புரிமை வாங்கிக் கட்டணம் கேட்டது அவருடைய முறை பரவுவதற்கே தடையாயிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தக் காப்புரிமை செல்லாத ஸ்காட்லாந்தில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் ராபர்ட் ஆடம்சனும் 1843 முதல் சில ஆண்டுகளுக்குள் எடுத்த உருவப் படங்களும் மீனவர் படங்களும் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த தாள் படங்கள்.

கேள்வி: பழைய படங்களில் யாருமே சிரிப்பதில்லையே, ஏன்? (வாசகி, கோயம்புத்தூர்)

அசையாமல் இருக்க வேண்டியிருந்தது முதற் காரணம். 1839-இல் நிமிடக்கணக்கில் வெயிலில் உட்கார வேண்டும். 1840-இல் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த, ஒளியை மிகுதியாக வாங்கும் லென்ஸும், அயோடினோடு புரோமினையும் சேர்த்துத் தகட்டின் வேகத்தைக் கூட்டும் முறையும் வந்த பிறகு அது ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. அப்போதும் தலை ஆடாமல் இருக்க நாற்காலிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றைப் பிடரியில் பொருத்துவார்கள். புன்னகையை அவ்வளவு நேரம் ஒரே நிலையில் வைத்திருப்பது கடினம். இது மட்டுமே காரணம் அன்று. சில நொடிகளில் படம் எடுக்க முடிந்த பிறகும் முகங்கள் இறுக்கமாகவே இருந்தன. எண்ணெய் வண்ண உருவ ஓவியத்தின் கண்ணியமான தோரணையையே மக்கள் புகைப்படத்திலும் எதிர்பார்த்தார்கள். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் எடுத்துக்கொள்ளும் படத்தில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அவர்கள் யோசித்தே உட்கார்ந்தார்கள்.

கேள்வி: தமிழகக் கோயில்களின் மிகப் பழைய புகைப்படங்கள் எப்போது, எந்த முறையில் எடுக்கப்பட்டன? (வாசகர், தஞ்சாவூர்)

1850-களில் நம் கோயில்களை முறையாகவும் விரிவாகவும் படம் எடுத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப். 1855-இல் கம்பெனியின் தூதுக்குழுவோடு பர்மா சென்று படம் எடுத்து வந்த அவரை, 1856-இல் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. சென்னைப் புகைப்படச் சங்கமும் அதே ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. 1858-இல் அவர் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனப் பயணம் செய்து எடுத்தவை ஊர்வாரியாகத் தொகுதிகளாக வெளியாயின.

அதற்கு முன்பே, 1851-இல், ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தைப் பூசிப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டுவிட்டார். தாளைவிடத் தெளிவும் வேகமும் உடைய அந்த முறையில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, காய்வதற்குள் டெவலப் செய்துவிட வேண்டும். ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கொலோடியன் நம்மூர் வெயிலில் எவ்வளவு விரைவாகக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிரைப் பெரும்பாலும் மெழுகேற்றிய தாள் நெகட்டிவ்களையே பயன்படுத்தினார். அவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து மாட்டு வண்டியில் ஏற்றிச் செல்லலாம். உடையாது, கனமும் குறைவு. டால்பாட் தொடங்கிய தாள் முறை, ஐரோப்பாவில் கண்ணாடிக்கு இடம்விட்டுக்கொண்டிருந்த காலத்தில், வெப்ப நாட்டுக்குப் பொருத்தமாக இங்கே தொடர்ந்தது.

அந்தக் காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கும். கோபுரம் பதியும் அளவுக்குத் திறந்து வைத்தால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெளுப்பாகிவிடும். அதனால் டிரைப் தம் நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். மரக்கிளைகளையும் அங்கங்கே திருத்தினார். அவருடைய மதுரைப் படங்களைப் பார்ப்பவர்கள் வானத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். கல்லும் சுதையும் பற்றி ஐயம் வேண்டியதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை தனித்துச் சொல்லத்தக்கது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் இராசராசன் காலக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒவ்வொரு முறையும் கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தொலைவில், ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நிறுத்தினால்தான் வரிகள் ஒன்றோடொன்று சேரும். கல்வெட்டு அறிஞர்கள் இந்தக் கோயிலின் சாசனங்களைப் படித்து நூலாகப் பதிப்பிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த எழுத்துகள் இவ்வாறு தாளுக்கு வந்துவிட்டன.

1859-இல் பதவியேற்ற ஆளுநர் சார்ல்ஸ் டிரெவெல்யன், அரசின் நிதி நெருக்கடியில் இந்தப் பணி ஓர் ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்தினார். டிரைப் அதன்பின் இவ்வளவு பெரிய பணி எதையும் மேற்கொள்ளவில்லை. அவருடைய பிரிண்ட்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தஞ்சை, மதுரைப் படங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம்.